டேப்பெட் சத்தம் அடங்கிய அம்பாசிடர்: அன்லெடட் பெட்ரோலும் பழைய இன்ஜினும், ஒரு நிகழ்வு ஆய்வு

2007 மழைக்காலத்தில் எங்கள் வீட்டு அம்பாசிடரின் இன்ஜின் வழக்கத்தைவிட அமைதியாக ஓடத் தொடங்கியது. அந்த வண்டியோடு பழகியவர்களுக்கு அதன் டேப்பெட் சத்தம், அதாவது வால்வைத் திறக்கும் உறுப்பு வால்வைத் தட்டும் சத்தம், தெரியும். பக்கத்து அறையில் யாரோ தையல் மெஷின் மிதிப்பது போல ஒரு சீரான டிக்டிக். வால்வுகள் இருக்கும் இன்ஜின் மேல்பகுதியான ஹெட்டில் வேலை பார்த்து ஒன்றரை வருடம்தான் ஆகியிருந்தது. வேலை நன்றாக அமைந்துவிட்டது, அதனால்தான் சத்தம் அடங்கியிருக்கிறது என்று அப்பா சந்தோஷப்பட்டார். நானும் அப்படித்தான் நினைத்தேன். தை மாதம் ஊருக்குப் போயிருந்தபோது ஒரு காலை வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை. நான்கு பேர் தள்ளி ஒருவழியாகப் பிடித்தது. ஐடிலில் நிற்காமல் குலுங்கியது. பிக்கப் சுத்தமாக இல்லை.

அந்தக் காலையிலிருந்து ஹெட்டில் புது சீட் ரிங் (வால்வு உட்காரும் வளையம்) போட்டு முடிக்கும் வரை ஏறக்குறைய எட்டு மாதம் ஒரு நோட்டுப் புத்தகத்தில் அளவுகள் குறித்து வந்தேன். பாலிடெக்னிக்கில் ஆட்டோமொபைல் பாடம் நடத்துகிறவன் என்பதால் குறிப்பெடுக்கும் பழக்கம் உண்டு. முன்பு பெட்ரோலில் ஈயம் கலந்திருந்தது; அது இல்லாத பெட்ரோல்தான் அன்லெடட். பழைய பெட்ரோல் வண்டி வைத்திருக்கும் பலர் "அன்லெடட் போட்டா இன்ஜின் போயிடுமா?" என்று இன்றும் கேட்கிறார்கள். போய்விடும் என்று அடித்துச் சொல்பவர்களும் உண்டு, எல்லாம் புரளி என்பவர்களும் உண்டு. இந்த ஒரு வண்டியில் என்ன நடந்தது என்று முழுதாகச் சொன்னால், இருவர் பேச்சிலும் எவ்வளவு சரி என்று தெரியும்.

வண்டி

1984ல் அப்பா புதிதாக எடுத்த மார்க் 4. 1489 சிசி பெட்ரோல் இன்ஜின். 1950களில் இங்கிலாந்தின் பிஎம்சி நிறுவனம் பி சீரீஸ் என்ற பெயரில் உருவாக்கிய இன்ஜின் இது. மேற்கு வங்கத்து உத்தரபாராவில் அம்பாசிடருக்காக அதையே பல பத்தாண்டுகள் செய்தார்கள். பிளாக்கும் ஹெட்டும் வார்ப்பிரும்பு. இந்தக் கதைக்கு முக்கியமான விவரம் ஒன்று: வால்வு வந்து உட்காரும் சீட், ஹெட்டின் இரும்பிலேயே நேராகக் கடைந்தது. தனி வளையம் எதுவும் கிடையாது.

அதே காலத்தில் நம் சாலைகளில் ஓடிய பிரீமியர் பத்மினியை எடுத்துக்கொள்ளுங்கள். ஃபியட் வழி வந்த அந்த 1089 சிசி இன்ஜினுக்கு ஹெட் அலுமினியம். அலுமினியத்தில் வால்வு நேராக உட்கார்ந்தால் சில நாளில் பள்ளமாகிவிடும் என்பதால், முதலிலிருந்தே கடினமான உலோக வளையங்களை அழுத்திப் பொருத்தியிருப்பார்கள். திருவொற்றியூர் புல்லட்டின் அலுமினிய ஹெட்டிலும் இதே கதைதான். சென்னையிலேயே தயாரான ஸ்டாண்டர்ட் ஹெரால்டு அம்பாசிடர் கட்சி, வார்ப்பிரும்பு ஹெட். ஆகவே பழைய வண்டி என்று பொதுவாகச் சொல்லி எல்லாவற்றையும் ஒரே கணக்கில் சேர்ப்பது தவறு. முதல் கேள்வி வண்டியின் வயதைப் பற்றியதல்ல. ஹெட் என்ன உலோகம், சீட் தனியா, ஹெட்டோடு சேர்ந்ததா என்பதுதான்.

அப்பாவுக்குக் கும்பகோணத்தில் பாத்திரக்கடை. வண்டி ஓடியதெல்லாம் தஞ்சாவூர், மயிலாடுதுறை, சுவாமிமலை என்று சுற்றுவட்டாரத்தில். அந்தச் சாலைகளில் 50, 60 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்ட வாய்ப்பே இருக்காது. 2006 சித்திரையில், புகை கொஞ்சம் அதிகமாக வருகிறது என்று, எங்கள் குடும்ப மெக்கானிக் ஹெட்டை இறக்கிக் கரி சுரண்டி, வால்வு சீட்டுகளைக் கட்டர் விட்டுப் புதிதாகக் கடைந்து, வால்வுகளை லேப்பிங் செய்து, கைடுகளை மாற்றிக் கொடுத்தார். அதே ஆண்டு அப்பா வண்டி ஓட்டுவதை நிறுத்திக்கொண்டார். நான் அதைச் சென்னைக்கு எடுத்து வந்தேன். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஊர்ப் பயணம். தாம்பரம் தாண்டியதும் திண்டிவனம் வரை நான்குவழிச் சாலை, வண்டி 85, 90ல் பறக்கும். மூன்றே மாதங்களுக்குள் இரண்டு மாற்றங்கள், ஒன்று ஹெட்டில், மற்றது சாலையில். இந்த இரண்டையும் பிரித்துப் பார்ப்பதுதான் ஆய்வின் சிக்கலாக அமைந்தது.

ஈயம் என்ன செய்துகொண்டிருந்தது

எங்கள் ஊர்ப் பக்கம் ஈயம் என்றதும் ஈயச்சொம்பு ரசம்தான் நினைவுக்கு வரும். அது வெள்ளீயம். பெட்ரோலில் கலந்தது காரீயம், நஞ்சு. இரண்டுக்கும் பெயரில் மட்டுமே உறவு. பாத்திரக்கடைக்காரர் வீட்டுப் பிள்ளையாக இதைச் சொல்லிவிட்டே மேலே போகிறேன்.

1921 டிசம்பரில் அமெரிக்காவின் டேட்டன் நகரத்தில் ஜெனரல் மோட்டார்ஸ் ஆய்வாளர் தாமஸ் மிட்ஜ்லி, டெட்ரா எத்தில் லெட் என்னும் சேர்மத்தைச் சிறிதளவு பெட்ரோலில் கலந்தால் இன்ஜின் நாக்கிங் (கலவை தாறுமாறாக வெடித்துத் தட்டுவது) நின்றுவிடுகிறது என்று கண்டார். நாக்கிங்கைத் தாங்கும் அளவான ஆக்டேன் எண் கூடும், சிலிண்டருக்குள் கலவையை அழுத்தும் கம்ப்ரஷனை உயர்த்தலாம், அதே பெட்ரோலில் கூடுதல் சக்தி கிடைக்கும். ஈயம் கலந்ததன் நோக்கம் இது மட்டும்தான். வால்வு சீட்டைக் காப்பாற்ற வேண்டும் என்று அதை யாரும் கலக்கவில்லை. அது கேட்காமல் கிடைத்த பலன். ஈயம் இருக்கும் வரை அப்படி ஒரு பலன் இருப்பதையே யாரும் பெரிதாகக் கவனிக்கவில்லை. எடுத்த பிறகுதான் தெரிந்தது.

நான்கு ஸ்ட்ரோக் இன்ஜினில் கிராங்க் இரண்டு சுற்றுச் சுற்றினால் ஒவ்வொரு வால்வும் ஒருமுறை திறந்து மூடும். 3,000 சுற்றில் ஓடும்போது நிமிடத்துக்கு 1,500 முறை, மணிக்கு 90,000 முறை, எரிந்த புகையை வெளியேற்றும் எக்ஸாஸ்ட் வால்வு சீட்டில் வந்து அறைகிறது. அப்போது வால்வின் சூடு ஏறக்குறைய 700 டிகிரி. கொல்லர் உலையில் இரும்பைச் செக்கச் சிவக்கக் காய்ச்சி, இன்னொரு இரும்பின் மேல் வைத்து அடித்தால் என்ன ஆகும்? ஒட்டும். இங்கேயும் அதுதான் நடக்கிறது, கண்ணுக்குத் தெரியாத அளவில். சீட்டின் இரும்பு மிக நுண்ணிய புள்ளிகளில் வால்வு முகத்தோடு பற்றிக்கொள்கிறது. வால்வு திறக்கும்போது பிய்ந்து வருகிறது. பிய்ந்த துகள் வால்விலேயே ஒட்டிக்கொண்டு, அந்தச் சூட்டில் ஆக்சைடாகிக் கடினப்படுகிறது. அடுத்த அறையில் அதுவே உளிமுனையாகச் சீட்டைச் சுரண்டுகிறது. வால்வு மெல்லச் சுழலக்கூடியது என்பதால், நாளடைவில் அது ஒரு சாணைக்கல்லாகவே மாறிவிடுகிறது. சீட் தேயத் தேய வால்வு ஹெட்டுக்குள் மேலேறி அமர்கிறது. இதற்கு வால்வு சீட் ரிசெஷன் என்று பெயர். பட்டறைப் பேச்சில் "வால்வு உள்ள ஏறிடுச்சு".

ஈயம் எரிந்து உண்டாகும் ஆக்சைடு, சல்பேட், புரோமைடு உப்புகள் சீட்டின் மேல் மிக மெல்லிய படலமாகப் படிகின்றன. இரும்பு இரும்பைத் தொடாமல் நடுவே ஒரு திரை. ஒட்டுதலே நடக்காவிட்டால் மற்றது எதுவும் தொடங்காது. கலவையை உள்ளே விடும் இன்லெட் வால்வுக்கு இந்தத் திரை தேவைப்படுவதில்லை. ஒவ்வொரு முறையும் குளிர்ந்த பெட்ரோல் கலவை வந்து அதைக் குளிப்பாட்டிவிடுகிறது.

இந்த ஒரு நன்மையைப் பிடித்துக்கொண்டு, ஈயம் இன்ஜினுக்கு நல்லது என்று முடிவு கட்டுபவர்கள் மறு பக்கத்தைப் பார்ப்பதில்லை. ஈயம் சிலிண்டருக்குள்ளேயே தங்கிக் கட்டியாகாமல் இருக்க, அதோடு புரோமின், குளோரின் சேர்மங்களையும் சேர்த்தே விற்றார்கள். அவை ஈயத்தை ஆவியாக்கிப் புகைக்குழாய் வழியே வெளியே தள்ளும். அதே வேலையில் அமிலமும் உண்டாகும். அந்த அமிலம் ஆயிலில் இறங்கியது, குளிர்ந்த இன்ஜினில் பிஸ்டன் ரிங்கையும் சிலிண்டர் சுவரையும் அரித்தது, சைலன்சரை உள்ளிருந்து தின்றது. ஸ்பார்க் பிளக்கில் ஈய உப்பு படிந்து மிஸ் அடித்தது. அப்பா காலத்தில் எங்கள் வண்டிக்குச் சைலன்சர் மாற்றுவது வழக்கமான செலவு. 2000க்குப் பிறகு போட்ட சைலன்சர் நெடுங்காலம் நின்றது. பிளக்கும் அப்படியே. மொத்தத் தேய்மானக் கணக்கில் ஈயம் போனதால் இன்ஜினுக்கு லாபம்தான். நஷ்டம் எட்டு வால்வில் நான்கின் சீட்டில் மட்டும்.

நம் ஊரில் ஈயம் போன விதம்

ஈயத்தை எடுக்க முதல் நெருக்கடி, புகையின் நச்சு வாயுக்களைக் குறைக்கும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டரால் வந்தது. ஈயம் அதன் பிளாட்டினப் பரப்பை மூடி, கொஞ்ச நாளிலேயே செயலிழக்கச் செய்துவிடும். சுற்றுச்சூழல் வழக்கறிஞர் எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் இட்ட உத்தரவுகளை அடுத்து, 1995 ஏப்ரல் 1 முதல் தில்லி, மும்பை, கல்கத்தா, சென்னை ஆகிய நான்கு நகரங்களிலும் புதிய பெட்ரோல் கார்களுக்குக் கன்வர்ட்டர் கட்டாயமாயிற்று. அவற்றுக்காக அன்லெடட் பெட்ரோலும் அங்கே விற்பனைக்கு வந்தது. மற்ற ஊர்களில் ஈயத்தின் அளவு படிப்படியாக இறங்கியது. ஒரு காலத்தில் லிட்டருக்கு 0.56 கிராம் வரை இருந்தது 0.15 ஆயிற்று. 2000 பிப்ரவரி 1 முதல் நாடு முழுவதும் அன்லெடட் மட்டுமே.

அம்பாசிடர் டேங்க் 54 லிட்டர். 0.56 கிராம் கணக்கில் ஒரு ஃபுல் டேங்கில் 30 கிராம் காரீயம். அதில் பெரும்பகுதி புகையாக வெளியே வந்து, கடைத்தெருவில் நிற்பவர் மூச்சில் போனது. 1990களின் கடைசியில் பெங்களூரின் ஜார்ஜ் ஃபவுண்டேஷன், சென்னையும் வேலூரும் உள்ளிட்ட ஏழு நகரங்களில் ரத்தப் பரிசோதனை நடத்தியபோது, குழந்தைகளில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு டெசிலிட்டருக்கு 10 மைக்ரோகிராமைத் தாண்டி ஈயம் இருந்தது. வளரும் மூளையைப் பாதிக்கும் நஞ்சு அது. உலகத்திலேயே கடைசியாக அல்ஜீரியாவின் பங்க்குகளில் 2021 ஜூலையில் ஈயப் பெட்ரோல் தீர்ந்தது. வால்வு சீட் பற்றி எவ்வளவு பேசினாலும், அந்தப் பெட்ரோல் திரும்பி வர வேண்டும் என்ற ஆசையின் நிழல்கூட என்னிடம் இல்லை. நான்கு இரும்பு வளையங்களால் தீரும் பிரச்சினைக்காகக் குழந்தைகள் விலை கொடுக்க வேண்டியதில்லை.

அளந்தது

கும்பகோணத்துக்குத் திரும்புகிறேன். ஸ்டார்ட் ஆகாத அந்தக் காலை, முதல் வேலையாகக் கம்ப்ரஷன் பார்த்தோம். ஒன்றாம், நான்காம் சிலிண்டர்கள் 115, 110 பி.எஸ்.ஐ. இரண்டாவது 80. மூன்றாவது 65. பிளக் ஓட்டை வழியாகக் கொஞ்சம் ஆயில் விட்டு மறுபடி பார்த்தோம். எண் ஏறவில்லை. ஆயில் விட்டதும் ஏறியிருந்தால் பிஸ்டன் ரிங்கில் கசிவு என்று பொருள். ஏறாததால் கசிவு வால்வு வழியாக.

அடுத்து ராக்கர் கவரைக் கழற்றி டேப்பெட் இடைவெளி, அதாவது வால்வைத் தட்டித் திறக்கும் ராக்கருக்கும் வால்வுத் தண்டுக்கும் நடுவே உள்ள சந்து, அளந்தோம். இந்த இன்ஜினுக்கு இடைவெளி 15 தௌ (ஒரு தௌ என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு), அதாவது 0.38 மில்லிமீட்டர். எட்டு வால்வுகளுக்கும் பழைய மெக்கானிக்குகள் ஒன்பது கணக்கு வைத்திருக்கிறார்கள்: எட்டாவது வால்வு முழுதாகத் திறந்திருக்கும்போது முதலாவதை அளக்க வேண்டும், ஏழு திறந்திருந்தால் இரண்டை, ஆறு என்றால் மூன்றை; கூட்டினால் எப்போதும் ஒன்பது. அந்த வரிசையில் அளந்தோம். இன்லெட்டுகள் 2, 3, 6, 7: எல்லாம் 14, 15. எக்ஸாஸ்டுகள் 1, 4, 5, 8: முதலாவது 10, எட்டாவது 9. நான்காவதிலும் ஐந்தாவதிலும் இடைவெளி அளக்கும் ஃபீலர் தகடுகளில் இருப்பதிலேயே மெல்லியதுகூட நுழையவில்லை.

சத்தம் ஏன் அடங்கியது என்பது அங்கே விளங்கியது. சீட் தேய்ந்து வால்வு மேலேறும்போது அதன் தண்டு முனையும் மேலேறி ராக்கரை நெருங்கும். இடைவெளி குறையும், தட்டும் சத்தம் குறையும். கடைசியில் இடைவெளியே இல்லாமல் போனால் வால்வு சீட்டில் முழுதாக அமர முடியாது. எரியும் வாயு அந்தச் சந்து வழியே பீறிட்டு வெளியேறும். வால்வு தன் சூட்டை இறக்கிவைப்பதே சீட்டில் அமர்ந்திருக்கும் கண நேரத்தில்தான். அமராத வால்வு கருகிப்போகும். தேய்மானங்களிலேயே இது ஒரு விசித்திரம். மற்றது எல்லாம் தேய்ந்தால் இன்ஜின் கத்தும். இது தேய்ந்தால் இன்ஜின் அமைதியாகும்.

நான்காம், ஐந்தாம் வால்வுகள் ஏன் மோசம்? இந்த ஹெட்டில் எக்ஸாஸ்ட் வழிகள் மூன்றே. ஒன்றாம் சிலிண்டருக்கும் நான்காம் சிலிண்டருக்கும் தனித்தனி. நடுவில், அந்த இரண்டு வால்வுகளும் உள்ள இரண்டாம், மூன்றாம் சிலிண்டர்கள் ஒரே வழியைப் பங்கிட்டுக்கொள்கின்றன. சூடு அதிகம் தேங்கும் இடம் அந்த நடுவழி. தேய்மானம் சூட்டைப் பின்தொடர்ந்திருக்கிறது என்பதற்கு எங்கள் நோட்டுப் புத்தகமே சாட்சி.

மெக்கானிக் அண்ணனின் முகம் வாடிவிட்டது. "தம்பி, நான் சீட்டு ஒழுங்காத்தான் கட் பண்ணிக் குடுத்தேன். ப்ளூ தடவிப் பாத்துத்தான் வால்வ உக்கார வச்சேன்" என்றார். எங்கள் உறவினர் ஒருவர் அவர் எதிரிலேயே, ஹெட் வேலை சரியில்லை என்று சொல்லிவிட்டார். அந்த நேரத்தில் மறுத்துப் பேச எனக்கும் ஆதாரம் இல்லை.

உடனே ஹெட்டை இறக்காமல் ஒரு காரியம் செய்தோம். எட்டு வால்வுகளையும் 15 தௌவுக்குத் திருத்தி வைத்தோம். கம்ப்ரஷன் பெருமளவு திரும்பியது. மூன்றாவது 95க்கு வந்தது. கலவையில் பெட்ரோல் குறைவாக இருந்தாலும் தீப்பொறி விழும் நேரம் தள்ளியிருந்தாலும் எக்ஸாஸ்ட் சூடு ஏறும் என்பதால், சோலெக்ஸ் கார்புரேட்டரையும் டிஸ்ட்ரிபியூட்டரையும் சரிபார்த்தோம். குறையில்லை. பிறகு ஆயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை அளப்பது என்று வைத்துக்கொண்டேன்.

முதல் ஆயிரம், ஊருக்குப் போய் வந்த நெடுஞ்சாலை ஓட்டம். ஐந்தாம் வால்வில் 2 தௌ குறைந்தது, நான்காவதில் ஒன்றரை. அடுத்த ஆயிரத்துக்கு வண்டியைச் சென்னையை விட்டு வெளியே எடுக்கவில்லை. கல்லூரி, கடை, அண்ணா நகர், அடையாறு, அவ்வளவுதான். எந்த வால்விலும் ஃபீலர் தகடு காட்டும் அளவுக்கு மாற்றமில்லை. மூன்றாவது ஆயிரத்தை மீண்டும் திண்டிவனம் சாலையில், வேண்டுமென்றே 85க்குக் குறையாமல் ஓட்டினேன். ஐந்தாவதில் மறுபடி 2 தௌ. அதே வண்டி, அதே ஹெட், அதே பெட்ரோல். வேகம் மட்டும் வேறு.

இதே போக்கை வெளிநாட்டுச் சோதனைகளிலும் பார்க்கலாம். அமெரிக்காவில் 1980களின் நடுவில் ஈயத்தை வேகமாகக் குறைத்தபோது விவசாயிகள் பழைய டிராக்டர்களை நினைத்துப் பயந்தார்கள். அங்கே சுற்றுச்சூழல் துறையும் வேளாண் துறையும் சேர்ந்து இன்ஜின்களை ஓட்டிப் பார்த்து 1987ல் அறிக்கை தந்தன. குறைந்த சுற்றில் ஓடும் டிராக்டர் இன்ஜின்கள் பெரும்பாலும் தாங்கின; அதிக சுற்றில், அதிக பாரத்தில் ஓடுபவற்றில்தான் சீட் வேகமாகத் தேய்ந்தது. அம்பாசிடரின் ஒன்றுவிட்ட தம்பி என்று சொல்லத்தக்க பிஎம்சி ஏ சீரீஸ் இன்ஜினை வைத்து, பிரிட்டனில் பழைய வாகனச் சங்கங்களின் கூட்டமைப்பு 2000க்கு முன் சோதனைகள் நடத்தியது. அங்கும் வேகம் கூடும்போது சேதம் கூடியது.

ஹெட்டைத் திறந்தபோது

ஆவணியில் ஹெட்டை இறக்கினோம். இடைவெளி குறைய இன்னொரு காரணமும் இருக்கலாம்: சூட்டில் வால்வே நீண்டுபோவது. அதனால் கழற்றிய எக்ஸாஸ்ட் வால்வுகளைப் புது வால்வோடு சேர்த்து நிறுத்தி அளந்தோம். நீளத்தில் வித்தியாசமில்லை. வால்வு நீளவில்லை, சீட்தான் தேய்ந்திருக்கிறது. கையால் தடவினாலே தெரிந்தது. இன்லெட் வால்வுகள் ஹெட் மட்டத்தில் அழகாக உட்கார்ந்திருந்தன. நடு எக்ஸாஸ்டுகள் இரண்டும் கிணற்றுக்குள் இறங்கியது போல உள்ளே போயிருந்தன. வால்வு முகத்தில் நகத்தை ஓட்டினால் மணல்மணலாகத் தட்டுப்பட்டது. லென்ஸ் வைத்துப் பார்த்தபோது, சின்னச் சின்னக் கரும்பருக்கள். சீட்டிலிருந்து பிய்ந்து ஒட்டிய இரும்பு அது.

சீட் கடைந்ததில் பிழை இருந்திருந்தால் அடையாளம் வேறாக இருக்கும். சீட் வட்டம் கோணியிருக்கும், ஒரு பக்கம் மட்டும் கருகியிருக்கும், இன்லெட்டிலும் குறை தெரியும். இங்கே நான்கு எக்ஸாஸ்டிலும் தேய்மானம் சுற்றிலும் ஒரே சீராக இருந்தது. வேலை சுத்தமாகத்தான் நடந்திருக்கிறது.

ஆனால் அந்தச் சுத்தமான வேலைக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. 1984லிருந்து 2000 வரை பதினாறு ஆண்டுகள் ஈயப் பெட்ரோலில் ஓடிய சீட்டில் ஈய உப்பு ஊறிப்போயிருந்தது. ஈயம் நின்ற பிறகும் அந்தப் படலம் உடனே போய்விடாது. சில ஆயிரம் கிலோமீட்டர் காக்கும். மெதுவாக ஓட்டினால் இன்னும் நீளும். ஈயத்தின் ஞாபகம் என்று இதைச் சொல்வார்கள். ஈயம் இன்னும் முழுதாகப் போகாத நாட்களில் பிரிட்டனில் இதை நம்பியே, நான்கைந்து டேங்குக்கு ஒருமுறை ஈயப் பெட்ரோல் போட்டால் போதும் என்று பழைய வண்டிக்காரர்களுக்கு அறிவுரை சொன்னார்கள். 2000 முதல் 2006 வரை ஆறு ஆண்டுகள் அன்லெடட்டில் எங்கள் வண்டி சிக்கலின்றி ஓடியதில், சுற்றுவட்டார வேகத்துக்கும் இந்தப் பழைய படலத்தின் மிச்சத்துக்கும் பங்கு உண்டு. 2006ல் கட்டர் விட்டுச் சீட்டைக் கடைந்தபோது அந்தப் படலமும், அடிபட்டு அடிபட்டு இறுகியிருந்த மேல் தோலும் சேர்ந்தே போயின. பளபளக்கும் புது வார்ப்பிரும்பு வெளியே வந்தது. மூன்று மாதத்தில் அது நெடுஞ்சாலை வேகத்துக்குப் போனது.

பங்கு பிரித்தால், வேகத்துக்கே பெரும்பங்கு என்பது என் தீர்மானம். நகர ஓட்டத்தில் கடைந்த சீட்டும் தேயாமல் நின்றதை நாங்களே அளந்திருக்கிறோம்.

சரிசெய்த விதம்

நான்கு எக்ஸாஸ்டுக்கும் கடினமான சீட் ரிங், புது வால்வுகள். கேட்க எளிது; ஆனால் தேர்ந்த லேத்துப் பட்டறை வேண்டும். ஹெட்டில் ரிங் உட்காரக் குழி கடையும்போது தண்ணீர் ஓடும் அறைக்கும் குழிக்கும் நடுவே இரும்பு மெல்லிசாகிவிடும். கொஞ்சம் ஆழம் கூடினாலும் ஓட்டை விழும், ஹெட் வீண். அதற்கு முன் சீட்டுகளுக்கு நடுவே விரிசல் இருக்கிறதா என்று சாயம் தடவிப் பார்க்க வேண்டும். இந்த ஹெட்டுகளில் அந்த இடம் வெடிப்பது புதிதல்ல. குழியைவிட ரிங் மூன்று நான்கு தௌ பெரிதாக இருக்க வேண்டும். ஹெட்டைச் சூடாக்கி, ரிங்கைக் குளிரவைத்து இறக்கினால், சமச்சூட்டுக்கு வரும்போது ஹெட் அதைக் கவ்விக்கொள்ளும். இறுக்கம் போதாவிட்டால் ஓட்டத்தில் ரிங் கழன்று பிஸ்டன் மேல் விழும். அப்போது போவது சீட் மட்டுமல்ல, மொத்த இன்ஜினும். பட்டறையைத் தேர்ந்தெடுக்க எனக்கு மூன்று வாரம் ஆனது. அதில் ஒரு நாள்கூட வீணில்லை.

ரிங்கை மட்டும் கடினமாக்கிப் பழைய வால்வையே வைத்தால், தேய்மானம் வால்வு முகத்துக்கு இடம் மாறும். ஆகவே வால்வும் அதற்கு ஈடான உலோகமாக இருக்க வேண்டும். இன்லெட் சீட்டுகளில் கை வைக்க வேண்டாம் என்று நானே சொன்னேன். எட்டிலும் போட்டுவிடலாமே என்று பட்டறையில் கேட்டார்கள். தேயாத இடத்தில் இரும்பைக் கடைந்து மெல்லிசாக்குவதில் எனக்கு உடன்பாடில்லை.

பாட்டில் மருந்துகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஈயத்துக்கு மாற்றாக பொட்டாசியம், சோடியம், மாங்கனீசு, பாஸ்பரஸ் சேர்மங்களில் ஒன்றைக் கலந்த திரவங்கள் உண்டு. பிரிட்டனில் நான் சொன்ன சோதனைகளில் சில தேறின. அவை சீட்டின் மேல் ஈயம் செய்த அதே திரை வேலையைச் செய்கின்றன. ஒவ்வொரு டேங்குக்கும் விடாமல் ஊற்ற வேண்டும், ஒரு வகையோடு இன்னொன்றைக் கலக்கக் கூடாது. ஆனால் நம் ஊரில் பலர் இந்த இடத்தில் டூ ஸ்ட்ரோக் வண்டிகளுக்கான 2டி ஆயில் ஊற்றுகிறார்கள். ஆயில் எரிந்துபோகும், சீட்டின் சூட்டில் நின்று காக்கும் உப்பு அதில் இல்லை. மிஞ்சுவது கரியும் புகையும்தான். ஆக்டேன் பூஸ்டர் என்று விற்பதும் வேறு சரக்கு. 87 ஆக்டேன் காலத்து இன்ஜின் இது, கம்ப்ரஷன் குறைவு. 91 ஆக்டேன் பெட்ரோலே அதற்குத் தாராளம்.

இப்போது எத்தனால் கலந்த பெட்ரோலைப் பற்றிய கேள்விகளும் இதோடு சேர்ந்து வருகின்றன. அது வேறு வழக்கு. எத்தனால் பதம் பார்ப்பது பழைய ரப்பர் குழாய்களையும் பெட்ரோல் பம்ப் டயாஃப்ரமையும். வால்வு சீட் கதையோடு அதைக் குழப்ப வேண்டாம்.

வேலை முடிந்து ஹெட்டை ஏற்றிய அன்று, நோட்டுப் புத்தகத்தை மெக்கானிக் அண்ணனிடம் காட்டி, பக்கம் பக்கமாக விளக்கினேன். வால்வில் இருந்த பருக்களை லென்ஸ் வைத்துப் பார்த்தார். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு கேட்டார்.

"அப்ப நான் கட்டர் போடாம விட்டிருந்தா ஓடியிருக்குமா தம்பி?"

"நம்மூர்லயே ஓட்டியிருந்தா இன்னும் பல வருஷம் ஓடியிருக்கும்ணே. திண்டிவனம் ரோட்டுல எப்படியும் தாங்கியிருக்காது."

"சரி. அப்ப இனிமே ஹெட்டு இறக்குறப்ப, எந்த ரோட்டுல ஓடப்போவுதுன்னு மொதல்ல கேட்டுக்கறேன்" என்றார்.

உறவினரையும் கூப்பிட்டு அவர் எதிரிலேயே அந்தப் பக்கங்களைப் படிக்கச் சொன்னேன்.

புது சீட்டுகளோடு முதல் ஐயாயிரம் கிலோமீட்டர், பெரும்பாலும் நெடுஞ்சாலை. ஒன்று 15, நான்கு 14, ஐந்து 15, எட்டு 15. ஹெட் போல்ட் இறுக்கிய பிறகு படிந்ததில் அந்த ஒரு தௌ போயிருக்க வேண்டும். அடுத்த ஐயாயிரத்திலும் நான்காவது 14லேயே நின்றது. டேப்பெட் சத்தம் திரும்பிவிட்டது. ஊருக்குப் போகும்போது தெருமுனையிலேயே அப்பா அதைக் கேட்டுவிட்டு வாசலுக்கு வந்து நிற்பார்.